சாம்பலில் படுத்த நாய்

அவர் ஒரு நாளும் தடி தூக்கியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லோரிடமும் ஏதோ ஒரு தடி இருந்தது. அதிபரிடம் பிரம்பு, ஐந்தாம் வகுப்பு வாத்தியாரிடம் கோடு போடுகிற அடிமட்டம், என்னிடம்கூட வேலியில் முறித்த ஒரு பூவரசங்கம்பு. மூன்றாம் வகுப்பு ரீச்சரிடம் வலது கை மட்டும்தான் இருந்தது.

"தடியாலை அடிச்சால் நோ பிள்ளைக்கு மட்டும். கையாலை அடிச்சால் எனக்கும் நோகும். அதுதான் நியாயம்" என்பார். சொல்லிவிட்டு உள்ளங்கையைச் சேலையில் இரண்டு தரம் தேய்ப்பார். வலது கையில் மோதிரம் போடமாட்டார், பிள்ளையின் கன்னத்தைக் கிழித்துவிடும் என்று. காப்பு இரண்டும் இடது கையில். இவ்வளவு யோசித்து அடிக்கிற மனுஷியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஆள் பெரிய ஆகிருதி இல்லை. குள்ளம், மெலிவு, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். காலையில் கொடிகாமம் சந்தையில் மரக்கறி வாங்கி, ஸ்கூட்டியின் முன்னால் முருங்கைக்காய்க் கட்டு நீட்டிக்கொண்டு நிற்க வந்து இறங்குவார். கை மட்டும் அந்த உடம்புக்கு அளவில்லாத கை. யாரோ ஒரு தோட்டக்காரனுடையதை இரவல் வாங்கி மாட்டியதுபோல இருக்கும்.

நான் அங்கே தொண்டர் ஆசிரியையாகப் போனவள். தொண்டர் என்றால் சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, என்றைக்காவது நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு படிப்பிக்க வேண்டும். அவருடைய வகுப்பில் உதவிக்கு விட்டார்கள். முதல் நாள் கரும்பலகையில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து என் மணிக்கட்டில் ஒன்று போட்டார். வெண்கட்டி பறந்துபோய் விழுந்தது.

"பலகையிலை வரி சரிஞ்சால் பிள்ளையின்ரை கொப்பியிலை சரியும். திருப்பி எழுதும்" என்றார்.

எனக்கு வயது இருபத்தாறு. முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் விழுந்துட்டுதோ" என்பதுபோல ஒரு பார்வை மட்டும் பார்த்தார்கள். திருப்பி எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் எனக்குச் சரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட வருகிற தாய், வெற்றிலை பாக்கோடு ஒரு வசனத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பாள். "கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சம் எங்கை எண்டாலும் அடியுங்கோ ரீச்சர். நான் ஒண்டும் கேக்க வரமாட்டன்." அது மரியாதை. உங்களை நம்பித் தருகிறேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். கேட்கிற ரீச்சர்மார் சிரித்துவிட்டு விடுவார்கள். இவர் சிரிக்கமாட்டார். தலையை ஆட்டி, "கண்ணிலை கை படாது" என்று வாக்குக் கொடுப்பார். அந்த வாக்கை ஒரு நாளும் மீறியதில்லை. அதுதான் பிறகு வினையாகப் போனது.

அவரைப் பற்றி நல்லதாகவும் நிறையச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். செருப்பில்லாமல் வந்த பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிப் போட்டார். பேன் பார்த்தார். மழைக்காலத்தில் அலுமாரிக்குக் கீழே புடையன் ஒன்று சுருண்டு கிடந்தபோது, அதிபர் வாசலில் நின்று "ஆராவது வாங்கோ, ஆராவது வாங்கோ" என்று கத்திக்கொண்டிருக்க, இவர் வகுப்புக் கூட்டுகிற தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்து அடித்தார். பாம்பு செத்து நெடுநேரமாகியும் அடித்துக்கொண்டேயிருந்தார். சீமெந்துத் தரையில் அதன் தலை இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள், குடிவெறியில் ஒரு தகப்பன் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டான். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம், பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய்ப் பணயம் வைக்கிற யோசனை. மகனுடைய தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான், பிள்ளை கதிரைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ரீச்சர் வந்தார். அந்த ஆறடி மனிதனின் கன்னத்தில் விழுந்த சத்தத்துக்கு வேப்பமரத்துக் காகம் எழும்பியது. அவன் மயிரை விட்டான். இரண்டாவது விழுந்தது. அவன் அழத் தொடங்கினான். "நானும் உங்களட்டைப் படிச்சனான் ரீச்சர்" என்றான். "அதுதான் அடிக்கிறன்" என்றார் அவர். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பக்தியை மறைக்கத் தேவையில்லை. சாமி கும்பிடுகிற மாதிரித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் அடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சாப்பாட்டு இடைவேளை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னார், சண்டைக் காலத்துக் கதை. அப்போது அவர் புதிதாகச் சேர்ந்த இளம் ரீச்சர். மாமரத்துக்குக் கீழே வகுப்பு. ஷெல் கூவுகிற சத்தம் கேட்டதும் "படுங்கோ" என்று கத்தினாராம். பிள்ளைகள் எழும்பி நின்று வானத்தைப் பார்த்தார்களாம்.

"பிள்ளையள் அப்பிடித்தான். சொன்னால் யோசிக்குங்கள். நான் ஒவ்வொண்டாப் பிடரியிலை அடிச்சு விழுத்தினனான். அடி வாங்கினது எல்லாம் இண்டைக்கும் உயிரோடை இருக்குதுகள். கடைசி வரியிலை ரெண்டு பேருக்கு என்ரை கை எட்டேல்லை."

ஒரு பிடி சோற்றை உருட்டி வாயில் போட்டார். "சொல்லு போய்ச் சேர நேரம் எடுக்கும் பிள்ளை. கை உடனை போய்ச் சேரும்" என்றார்.

நான் எழும்பிக் கை கழுவப் போனேன்.

அப்படிப் பிடரியில் அடி வாங்கிப் பிழைத்தவர்களில் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவர்தான் அந்தப் பெட்டியை அனுப்பினார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் தூரிகை, பெயின்ற், நீலக் கடதாசி. கூடவே பளபளவென்று ஐந்து பட அட்டைகள், குளிர்கால மிருகங்கள் கீறுவது எப்படி என்று படிப்படியாக. பனிக்கரடி, வெள்ளை நரி, வெள்ளை முயல், ஆந்தை, பென்குவின். தொலைபேசியில் ரீச்சரிடம், "பிள்ளையள் கீறுறதை வீடியோ எடுத்து அனுப்புங்கோ ரீச்சர். இஞ்சை ஸ்னோ கொட்டுது, என்ரை பிள்ளையளுக்குக் காட்டோணும். உங்கடை அடியாலைதான் நான் இருக்கிறன் எண்டு அதுகளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்" என்றாராம். ரீச்சர் இதை என்னிடம் சொன்னபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. அவருக்குக் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மார்கழி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலை அந்தப் பாடம் நடந்தது. இரண்டு பேருக்கு ஒரு பால்மா ரின்னில் தண்ணீர். பனிக்கரடி அட்டையைப் பலகையில் குத்தியாயிற்று. என் கைபேசியில் வீடியோ எடுப்பது என் வேலை.

"இண்டைக்குக் குளிருக்கை இருக்கிற மிருகம் கீறப்போறம். முதல் ரெண்டு வட்டம். பெரிசு உடம்பு, சின்னன் தலை. அட்டையிலை என்ன இருக்கோ அதைக் கீறு. சொந்தப் புத்தி வேண்டாம்."

தூரிகையையே முதன்முதலாகப் பிடிக்கிற பிள்ளைகள். ஒருவனுடைய கரடிக்குக் கால் ஐந்து. ஒருத்தியின் கரடி பன்றியாகிக்கொண்டிருந்தது. ரீச்சருக்கோ இருபத்திரண்டு கரடியும் அட்டையில் இருக்கிற கரடியாக வரவேண்டும், இது ரீச்சர் படிப்பிக்கிற வகுப்பு என்று கனடாக்காரனுக்குத் தெரியவேண்டும். பிள்ளைகள் இருக்கிற வாங்கு ஒவ்வொன்றாக வந்தார். அடிக்கப்போகும்போது எனக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், நான் வீடியோவை நிறுத்தவேண்டும். அடித்து, கையைத் தேய்த்து, "எடும்" என்பார். "அங்கை பிள்ளையிலை கை வைச்சால் பொலிசாம். அவன்ரை பிள்ளையள் பாத்துப் பயப்பிடக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். விரல், நிறுத்து, அடி, எடு. ஐந்து கால் கரடிக்கு ஒன்று. பன்றிக்கு ஒன்று. தண்ணீரைத் தட்டி ஊற்றியவனுக்கு இரண்டு. மழைச் சத்தத்துக்கு மேலால் அடிச் சத்தம். பதினொன்று வரை எண்ணினேன். வீடியோவிலோ அமைதியான, அழகான சித்திரப் பாடம்.

தர்சிகாவிடம் வந்தார். வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒரு தாயின் பிள்ளை, எட்டு வயது. அவள் கடதாசியில் கரடி இல்லை. மூன்று அடுப்புக்கல், நடுவில் சாம்பல், சாம்பலுக்குள் மூக்கை வாலுக்குள் வைத்துச் சுருண்டு படுத்திருக்கிற ஒரு நாய். உடம்பெல்லாம் சாம்பல் அப்பி வெள்ளையாக, ஒரு காது மட்டும் மண்ணிறமாக. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வகுப்பில் உயிரோடு இருந்த ஒரே மிருகம் அதுதான். நான் கைபேசியைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"இது என்ன?"

"நாய் ரீச்சர். எங்கடை நாய்."

"நான் என்ன கீறச் சொன்னனான்?"

"குளிருக்கை இருக்கிற மிருகம் எண்டு சொன்னனீங்கள். இது குளிருக்கு அடுப்புக்கைதான் படுக்கும். விடிய அம்மா தேத்தண்ணி வைக்க எழுப்பினால் வெள்ளை நாயா எழும்பி வரும்."

வகுப்பு சிரித்தது. அடி வாங்கிக் கன்னம் சிவந்திருந்த பிள்ளைகள்கூட வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு ரீச்சருடைய விரல் உயரவில்லை. கை முந்திவிட்டது, வீடியோ ஓடிக்கொண்டேயிருந்தது.

கண்ணில் படவில்லை. இடது காதைப் பொத்தி விழுந்தது. பிள்ளை வாங்கிலிருந்து எறியப்பட்டு, பக்கத்து வாங்கின் விளிம்பில் தோள் மோதி, தரையில் கிடந்தாள். ரின் உருண்டு வெள்ளைத் தண்ணீர் ஓடியது. அவள் அழவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, காதுக்குள் தண்ணீர் போன பிள்ளை மாதிரி உலுப்பினாள்.

"அதுக்கு மேலை வெள்ளை அடிச்சிட்டுக் கரடியைக் கீறு" என்றார் ரீச்சர். உள்ளங்கையைத் தேய்த்தார்.

அவள் எழும்பி நாய்க்கு மேலே வெள்ளை பூசினாள். முதலில் அடுப்புக்கல் போயிற்று, பிறகு வால், கடைசியாக அந்த மண்ணிறக் காது. அதன் மேல் இரண்டு வட்டம் போட்டாள். பாடம் முடிய எல்லோரும் படத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க நான் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் மட்டும்தான் கனடாவுக்குப் போனது. அவர் பதில் எழுதினார்: "எல்லாரும் நல்லாக் கீறியிருக்கினம். ஒரு பிள்ளை தலையைச் சரிச்சுக்கொண்டு நிக்குது, நல்ல வடிவு."

மூன்று நாள் தாய் காதுக்குள் நல்லெண்ணெய் சூடாக்கி விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் காதுநோவுக்கு அதுதான் வைத்தியம். நான்காம் நாள் தலையணையில் இரத்தமும் சீழும். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். செவிப்பறை கிழிந்து, எண்ணெயும் போய், கிருமி பிடித்துவிட்டது, இடது காது இனிக் கேட்காது என்று டொக்டர் சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டுக் கல்வித் திணைக்களத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் வருகிறார் என்று அறிவித்தல் வந்தது.

ரீச்சர் ஒளிக்கவில்லை. தர்சிகாவை மருந்து கட்டக் கொண்டுபோனதே அவர்தான். ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றி, யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் கொண்டுபோய், கூட இருந்து, கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கேட்காத காதை அவர் முதுகில் வைத்துக்கொண்டு போகும்.

ஒளித்தது நான். விசாரணைக்கு முதல் நாள் அதிபர் கூப்பிட்டார்.

"உம்மடை போனிலை வீடியோ இருக்காம்?"

"ஓம் சேர்."

"நிரந்தர நியமனத்துக்கு உம்மடை பேரைச் சிபாரிசு பண்ணிக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். நாளையிண்டைக்குப் போகுது. பள்ளிக்கூடத்தின்ரை பேர் கெட்டால் கடிதம் எழுதின என்ரை பேருக்கும் மதிப்பில்லை. விளங்குதோ?"

விளங்கியது. ஆறு வருடமாகத் தொண்டர். வீட்டில் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சோறு தின்கிற ஆறு வருடம். அங்கேயே, அவருடைய மேசைக்கு முன்னாலேயே அழித்தேன். அழிக்கட்டுமா என்று கைபேசி இரண்டாம் தரம் கேட்டது. அதற்கும் ஓம் என்றேன்.

மறுநாள் உத்தியோகத்தர் முதலில் தாயைக் கேட்டார். "விழுந்திட்டாள் ஐயா. மழை, தரை ஈரம்" என்றார் தாய். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கண்ணை விட்டிட்டு அடியுங்கோ எண்டு ஒப்புக்குடுத்தவள் நான்தானே பிள்ளை. ரீச்சர் கண்ணிலை அடிக்கேல்லை. இப்ப வந்து நான் என்னெண்டு நியாயம் கேக்கிறது?" தர்சிகாவைக் கேட்டார்கள். அவள் தாயைப் பார்த்தாள், தாய் நிலத்தைப் பார்த்தார். "விழுந்திட்டன்" என்றாள். என்னைக் கேட்டார்கள். "விழுந்ததை நான் கண்டனான்" என்றேன். குரல் நடுங்கவேயில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

கடைசியாக ரீச்சர் உள்ளே போனார். "நான்தான் அடிச்சனான்" என்றார்.

உத்தியோகத்தர் தாளைப் புரட்டினார். தாய் ஒன்று சொல்கிறார், பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது, கண்ணால் கண்ட ரீச்சரும் அதைத்தான் சொல்கிறார். அதிபர் குறுக்கே விழுந்து, "ரீச்சருக்குப் பிள்ளையளிலை சரியான பாசம் ஐயா. பாவம், தன்னிலை பழியைப் போடுறா" என்றார். விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று எழுதி முடிந்தது. அடித்தவரே அடித்தேன் என்று சொல்லியும் ஒருவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ரீச்சர் என்னை மறித்தார்.

"வீடியோவைக் காட்டினனீரோ?"

"அழிச்சிட்டன் ரீச்சர். உங்களுக்காகத்தான்..."

முடிக்க விடவில்லை. என் கன்னத்தில் விழுந்தது. கண்ணுக்குள் மின்னல் அடித்து, வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடிச்சது நான். அந்தப் பிள்ளை விழுந்தது எண்டு சொல்ல நீர் ஆர்?" என்றார். வழக்கமாக அடித்ததும் சேலைக்குப் போகிற கை அன்றைக்கு அப்படியே தொங்கியது. "இது எனக்கு நோகேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தவணை முடிய, பருத்தித்துறைப் பக்கம் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். அடிப்பதை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன வருடம் கேள்விப்பட்டேன், அங்கே ஒரு பொடியனுக்குப் பல் விழுந்ததாம். பால்பல்தான், எப்படியும் விழுகிற பல்தானே என்று சொல்லி முடித்துவிட்டார்களாம். நான் உண்மை சொல்லியிருந்தால் அந்தக் கை அங்கே போயிருக்காது. அந்தப் பல்லில் என் பங்கும் இருக்கிறது.

என் நியமனம் வந்தது. இப்போது ஐந்தாம் வகுப்பு எனக்கு. தர்சிகா என் வகுப்பில்தான். வலது காது என் பக்கம் வரும்படி முன்வாங்கில் இருத்தியிருக்கிறேன். என் மேசையில் பூவரசங்கம்பு இல்லை. நான் அடிப்பதில்லை. அடிக்க எனக்கு என்ன தகுதி?

போன கிழமை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வகுப்பு கணக்குச் செய்துகொண்டிருந்தது.

"ரீச்சர், எங்கடை நாய் செத்துப்போச்சு. கண்டி றோட்டிலை லொறி அடிச்சிட்டுது."

"அச்சோ" என்றேன்.

"அதின்ரை படம் ஒண்டும் எங்களட்டை இல்லை. நீங்கள் மூண்டாம் வகுப்பிலை வீடியோ எடுத்தனீங்கள் எல்லோ? நான் வெள்ளை பூச முதல் நீங்கள் கிட்ட வந்து எடுத்தனீங்கள். அதிலை எங்கடை நாய் இருக்கும். ஒருக்காக் காட்டுங்கோ ரீச்சர், பாத்துக் கீறோணும்."

அந்த அடி அவளுடைய நினைவில் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நாயை மட்டும் கேட்டாள்.

"அழிச்சிட்டன்" என்றேன், மெதுவாக, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி.

அவள் தலையைத் திருப்பி வலது காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"கேக்கேல்லை ரீச்சர்."

"அழிச்சிட்டன்!" என்று கத்தினேன்.

வகுப்பு முழுக்கப் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. தர்சிகா தலையை ஆட்டினாள். "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். நான் உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.